சிஆர்என்ஏ படிப்புக்கு விண்ணப்பிக்கும் நர்ஸ்களுக்கு: ஐசியூ வேலை முதல் நேர்காணல் வரை

அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதற்கென்றே படித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் சிஆர்என்ஏ (சர்டிஃபைடு ரெஜிஸ்டர்டு நர்ஸ் அனஸ்தடிஸ்ட்) என்கிறோம். 1931இலேயே அகதா ஹாட்ஜின்ஸ் என்ற நர்ஸ் முன்நின்று இவர்களுக்கென்று தேசியச் சங்கம் தொடங்கிவிட்டார். நம் ஊரில் இப்படி ஒரு பதவி கிடையாது; மயக்க மருந்து என்றால் அதற்கென்று படித்த டாக்டர்தான் வருவார். அதனால் அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதி இங்கே வந்து சேரும் தமிழ் நர்ஸ்கள் பலருக்கு, இப்படி ஒரு வழி இருப்பதே வேலையில் சேர்ந்து சில வருடம் போன பிறகுதான் தெரியவருகிறது. தெரிந்தவுடன் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்தக் காலேஜில் சுலபமாக சீட் கிடைக்கும்?” என்பது. சுலபமான காலேஜ் எதுவும் இல்லை. ஆனால் தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது என்று புரிந்துவிட்டால் தயாராவது அத்தனை குழப்பமாக இருக்காது. நோயாளியின் படுக்கையருகே நீங்கள் ஒரு காரியம் செய்கிறீர்கள் என்றால், ஏன் செய்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் தேடுவது இதற்கான பதிலைத்தான்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக

2022 ஜனவரி 1 முதல் இந்தப் படிப்பில் புதிதாகச் சேருகிற எல்லோரும் முனைவர் நிலையில்தான் சேர வேண்டும். முன்பு இருந்த முதுநிலைப் பட்ட வழி மூடப்பட்டுவிட்டது. பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். டியூக் பல்கலைக்கழகம் டிஎன்பி (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) கொடுக்கிறது, வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் டிஎன்ஏபி (டாக்டர் ஆஃப் நர்ஸ் அனஸ்தீசியா பிராக்டிஸ்) கொடுக்கிறது. எதை முடித்தாலும் எழுதும் தேசியத் தேர்வு ஒன்றுதான், செய்யும் வேலையும் ஒன்றுதான். எனவே பெயரை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படிப்பு முழுநேரமாகக் குறைந்தது 36 மாதம். அதற்குள் குறைந்தது 600 கேஸ்களும் 2,000 மணி நேர கிளினிக்கல் பயிற்சியும் முடித்தாக வேண்டும். இடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள்.

காலேஜ்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு சிஓஏ. அதன் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு காலேஜும், பாதியில் விலகியவர்கள் எத்தனை சதவீதம், முதல் முயற்சியில் தேசியத் தேர்வில் தேறியவர்கள் எத்தனை சதவீதம் என்று தன் தளத்தில் வெளியிட வேண்டும். தரவரிசைப் பட்டியல்களைவிட நான் இந்த இரண்டு எண்களைத்தான் நம்புவேன். சேர்ந்தவர்களில் நிறையப் பேர் பாதியில் போகிறார்கள் என்றால், நேர்காணலிலேயே மரியாதையாகக் காரணம் கேளுங்கள்.

ஐசியூ அனுபவம்

குறைந்தபட்ச விதி, முழுநேரமாக ஒரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது. நடைமுறையில் இரண்டு வருடமாவது இருந்தால்தான் நேர்காணலில் தாக்குப்பிடிக்க முடியும். விண்ணப்பிக்கும் நாளுக்குள் ஒரு வருடமா, வகுப்பு தொடங்கும் நாளுக்குள் ஒரு வருடமா என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும். கவனித்துப் படியுங்கள்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிஓஏ விதிப்படி அந்த அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ கிடைத்ததாக இருக்க வேண்டும். சென்னையில் நாலு வருடம், ரியாத்தில் ஐந்து வருடம் ஐசியூ பார்த்திருந்தாலும் குறைந்தபட்சக் கணக்கில் அது சேராது. வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருடங்கள் வீணில்லை. கட்டுரையிலும் நேர்காணலிலும் அதைப் பற்றி நிறையப் பேசலாம். கணக்குக்கு மட்டும் இங்கே வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

எந்த யூனிட்? வென்டிலேட்டர், ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் குழாய்), ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் டிரிப் மருந்துகள் ஆகிய மூன்றையும் நீங்களே தினமும் கையாளும் யூனிட்டாக இருக்க வேண்டும். இதய அறுவை ஐசியூ, சர்ஜிக்கல் ஐசியூ, மெடிக்கல் ஐசியூ, நியூரோ ஐசியூ எல்லாம் சரி. குழந்தைகள் ஐசியூவை ஏற்கும் காலேஜ்கள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. அவசரப் பிரிவு, ரெக்கவரி ரூம், டெலிமெட்ரி அனுபவத்தைப் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏஜென்சி வழியாக வந்து மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை) வார்டில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், அந்த ஒப்பந்தக் காலத்திலேயே ஐசியூவுக்கு மாற வழி உண்டா என்று முதலில் கேட்டு வையுங்கள்.

வேலைக்குப் போனால் மட்டும் போதாது. கஷ்டமான நோயாளியை விரும்பிக் கேட்டு வாங்குங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒதுங்கி நிற்காமல் கேள்வி கேளுங்கள். நம் ஊர்ப் பயிற்சியில் சீனியர் சொன்னதைச் செய்வதுதான் நல்ல நர்ஸுக்கு அடையாளம். “ஏன் இந்த மருந்து?” என்று கேட்டால் திமிர் என்பார்கள். இங்கே கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்பார்கள். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கே சிலருக்கு ஒரு வருடம் பிடிக்கிறது.

கூடவே தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சிசிஆர்என்னை எழுதிவிடுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் தீவிர சிகிச்சை நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருந்தால், அதில் 875 மணி நேரம் கடைசி வருடத்தில் இருந்தால், எழுதத் தகுதி வந்துவிடும். மொத்தம் 150 கேள்விகள், 3 மணி நேரம். சில காலேஜ்களில் இது கட்டாயம், சிலவற்றில் விருப்பம். கட்டாயம் இல்லாத இடத்திலும் எழுதச் சொல்கிறேன்; நேர்காணலுக்குத் தேவையான பாதிப் படிப்பு இதிலேயே முடிந்துவிடுகிறது.

மதிப்பெண்ணும் சான்றிதழ்களும்

பொதுவாக 4க்கு 3.0 ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) குறைந்தபட்சமாகக் கேட்பார்கள். சேருபவர்களின் ஜிபிஏ அதைவிட நன்றாகவே இருக்கும். இந்தியாவில் படித்தவர்கள் தங்கள் மதிப்பெண்களை வெஸ் மாதிரியான நிறுவனம் வழியாகப் பாடவாரியாக மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். பாடவாரியாக என்பதை மறந்துவிடாதீர்கள். பட்டம் சமமானது என்று மட்டும் சொல்லும் அறிக்கை போதாது.

எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள். படித்த காலேஜ், கிண்டியில் இருக்கும் பல்கலைக்கழக அலுவலகம் என்று அலைய ஊரில் ஒரு ஆள் வேண்டும். அண்ணனையோ சித்தப்பாவையோ இப்போதே சொல்லி வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தாலோ, இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தாலோ, அதையும் இந்த நேரத்திலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

ஜிஎன்எம் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் இங்கே ஆர்என்-டு-பிஎஸ்என் (வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்கான இளநிலைப் பட்டப் படிப்பு) முடித்துவிடுங்கள். அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அமெரிக்க ஜிபிஏ ஒன்று கையில் இருக்கும்.

பி.எஸ்சி. நர்சிங்கில் வேதியியலைத் தனிப் பாடமாக நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். உயிர்வேதியியல், ஊட்டச்சத்தோடு சேர்ந்து வந்திருக்கும். இங்கே வேதியியல், புள்ளியியல் இரண்டும் பல காலேஜ்களில் முன்நிபந்தனை. அறிவியல் பாடங்கள் கடந்த ஐந்து அல்லது பத்து வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒன்றிரண்டு பாடம் எடுத்து ஏ வாங்கிவிடுங்கள். பழைய மதிப்பெண் சுமாராக இருந்தால், முதுநிலை அளவில் மருந்தியலோ நோய்க்கூறு உடலியக்கவியலோ எடுத்துப் படித்துக் காட்டுவது பெரிய பலம். மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இயைப் பல காலேஜ்கள் கைவிட்டுவிட்டன. ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபல் மட்டும் சில இடங்களில் கேட்பார்கள், இங்கே வருடக்கணக்காக வேலை பார்த்திருந்தாலும்கூட.

அறுவை அரங்கில் ஒரு நாள்

ஒரு சிஆர்என்ஏவுடன் கூடவே நின்று அவர் வேலையைப் பார்ப்பதை ஷேடோயிங் என்பார்கள். எட்டு மணி நேரமாவது கேட்கும் இடங்கள் இருக்கின்றன, கேட்காவிட்டாலும் போங்கள். உங்கள் மருத்துவமனையின் அனஸ்தீசியா பிரிவில் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காலையில் மெஷினைச் சோதிப்பதிலிருந்து, நோயாளியிடம் பேசுவது, மயக்கத்துக்குக் கொண்டுபோவது, டியூப் போடுவது, கடைசியில் எழுப்புவது வரை ஒரு முழு நாள் பாருங்கள். பார்த்ததை அன்றிரவே எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் இருக்கக் கூடாது. “சிஆர்என்ஏ வேலையில் உங்களைக் கவர்ந்தது எது?” என்று கேட்கும்போது, இந்தக் குறிப்பிலிருந்து வரும் பதில்தான் மற்றவர்கள் சொல்வதிலிருந்து வேறுபட்டு நிற்கும்.

பரிந்துரைக் கடிதமும் கட்டுரையும்

பொதுவாக மூன்று கடிதம்: யூனிட் மேனேஜர், உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒரு டாக்டர் அல்லது சிஆர்என்ஏ, படிப்பைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆசிரியர். பெரிய பதவியில் இருப்பவர் எழுதினால் கனமாக இருக்கும் என்று நினைத்து, உங்கள் முகமே ஞாபகம் இல்லாதவரிடம் போகாதீர்கள். கேட்கும்போது நேரடியாகவே கேளுங்கள்: “எனக்காக அழுத்தமான கடிதம் எழுத உங்களால் முடியுமா?” தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுங்கள். ஒத்துக்கொண்டவருக்கு உங்கள் ரெஸ்யூமேவையும், அவர் பார்த்த இரண்டு மூன்று சம்பவங்களை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுங்கள். இதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். இங்கே இது சாதாரண விஷயம்.

கட்டுரையைச் சின்ன வயதுக் கனவிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு நோயாளி, ஒரு இரவு, நீங்கள் கவனித்த ஒரு மாற்றம், எடுத்த முடிவு, அதற்குக் காரணம். இவ்வளவு போதும். சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வரும் வேலை என்பது குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பல காலேஜ்கள் நர்சிங்காஸ் என்ற பொது இணையவாசல் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன, சில தங்கள் சொந்தத் தளத்தில் வாங்குகின்றன. நர்சிங்காஸில் நீங்கள் அனுப்பிய பிறகு அவர்கள் சரிபார்க்கச் சில வாரம் எடுக்கும். கடைசித் தேதி என்பது அனுப்பும் தேதியா, சரிபார்ப்பு முடியும் தேதியா என்று பாருங்கள். எப்படியும் ஒன்றரை மாதம் முன்னாலேயே அனுப்பிவிடுவது நிம்மதி.

பணமும் விசாவும்

இதை வீட்டில் உட்கார்ந்து, கணவரோடோ மனைவியோடோ, வெளிப்படையாகப் பேச வேண்டும். மூன்று வருடம் ஒரு சம்பளம் வராது, மேலே கட்டணமும் இருக்கிறது. கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்கும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. எச்-1பிக்காரர்கள் வேலையை விட்டால் விசா நிலையும் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

கடன் விதிகள் மாறியிருக்கின்றன. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சாதாரண முதுநிலை, முனைவர் நிலை மாணவருக்கு வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம் டாலர் உச்சவரம்பு. தொழிற்படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டால் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். நீங்கள் சேரப்போகும் படிப்பு எந்த வகையில் வருகிறது என்று அந்தக் காலேஜின் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய விதியை வைத்து யாராவது சொல்லும் கணக்கை நம்பி இறங்காதீர்கள்.

நேர்காணல்

அழைப்பு வந்துவிட்டால் காகிதத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம். இனி நேரில் பார்க்கப்போகிறார்கள். சில இடங்களில் மூன்று நாலு பேர் கொண்ட குழு, சில இடங்களில் அறைக்கு அறை மாறி மாறிச் சின்னச் சின்னக் கேள்விகள், சிலவற்றில் எழுத்துத் தேர்வும் உண்டு. கேள்விகள் இரண்டு வகை: மருத்துவ அறிவு, மனித குணம். ஒரே வகையை மட்டும் கேட்கும் காலேஜ்களும் உண்டு. போன வருடம் சேர்ந்தவர்களிடம் நேர்காணலின் வடிவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

மருத்துவக் கேள்வி எப்படிப் போகும் என்று பார்ப்போம். செப்டிக் ஷாக் என்பது கடும் தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்துபோவது; நார்எபிநெஃப்ரின் அந்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் டிரிப் மருந்து.

“உங்கள் நோயாளிக்கு செப்டிக் ஷாக். வென்டிலேட்டரில் இருக்கிறார். நார்எபிநெஃப்ரின் ஓடிக்கொண்டிருக்கிறது. சராசரி ரத்த அழுத்தம் 68 இருந்தது, இப்போது 51. என்ன செய்வீர்கள்?”

பலரும் சட்டென்று, “நார்எபிநெஃப்ரினைக் கூட்டுவேன்” என்கிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியில் உங்கள் யோசனை எதுவும் வெளியே தெரியவில்லை. இப்படிப் பேசிப் பாருங்கள்: “முதலில் நோயாளியைப் பார்ப்பேன், நிறம், நாடித்துடிப்பு, மானிட்டரில் ரிதம். அந்த எண் உண்மைதானா என்று பார்ப்பேன். அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தைவிட மேலே இருந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், 10 செ.மீ. உயர்ந்தாலே 7 மி.மீ. அளவுக்கு வித்தியாசம் வரும். அலைவடிவம் தட்டையாகியிருக்கிறதா, கையில் கஃப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு? எண் உண்மை என்றால், மருந்து நிஜமாகவே உடம்புக்குள் போகிறதா, பை காலியா, லைன் மடங்கியிருக்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால், திரவக் குறைவா, இதயத்தின் சுருங்கும் பலம் குறைந்ததா, ரத்தக் குழாய் தளர்ந்ததா, இல்லை நெஞ்சுக்குள் காற்று கசிந்து இதயத்தை அழுத்துகிறதா என்று பிரித்துப் பார்ப்பேன். இதற்கிடையில் மருந்தைக் கூட்டிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுவேன்.”

அவர்கள் விட மாட்டார்கள். நார்எபிநெஃப்ரின் எந்த ரிசெப்டரில் (செல்லில் மருந்து போய் ஒட்டும் இடம்) வேலை செய்கிறது? ஆல்ஃபா-1 பெரும்பாலும், பீட்டா-1 ஓரளவு. அடுத்து எதைச் சேர்ப்பீர்கள்? வாசோபிரெசின். எவ்வளவு? நிமிடத்துக்கு 0.03 யூனிட். ஏன் அது? வி-1 ரிசெப்டர் வழியாக, வேறு பாதையில் குழாயைச் சுருக்குகிறது. ரத்தம் அமிலத்தன்மையாகி நார்எபிநெஃப்ரினுக்கு உடம்பு சரியாகப் பதில் கொடுக்காதபோதும் இது ஓரளவு கைகொடுக்கும். ரிசெப்டருக்குப் பிறகு செல்லுக்குள் என்ன நடக்கிறது? இப்படி இறங்கிக்கொண்டே போவார்கள், உங்களுக்குத் தெரியாத இடம் வரும்வரை. அந்த இடத்துக்கு எல்லோரையும் கொண்டுபோவது அவர்கள் நோக்கம். அங்கே நீங்கள் பொய் சொல்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். “இது எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வரை தெரியும், மீதியைப் படித்துப் பார்ப்பேன்” என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் போவது உயிர். அதனால்தான் ஊகித்து அடித்துவிடும் ஆளை அவர்கள் எடுப்பதே இல்லை.

உங்கள் யூனிட்டில் ஓடும் ஒவ்வொரு டிரிப்புக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள்: ரிசெப்டர், அளவு, எப்போது ஆகாது, பக்கவிளைவு ஏன் வருகிறது. வென்டிலேட்டரில் பீக் பிரஷர் (காற்று உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம்) மட்டும் ஏறினால் என்ன அர்த்தம், பிளாட்டோவும் (காற்று நின்ற நிலையில் நுரையீரலில் இருக்கும் அழுத்தம்) சேர்ந்து ஏறினால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தெரிய வேண்டும். ரத்த வாயுப் பரிசோதனை முடிவைப் பார்த்தவுடன் விளக்கப் பழகுங்கள். மயக்க மருந்தான புரோபோஃபால் ஏன் ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, தீக்காய நோயாளிக்கு ஏன் சில நாளுக்குப் பிறகு தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஆகாது என்பதெல்லாம் அடிக்கடி வருபவை. நீங்கள் வாயைத் திறந்து ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். கையாண்டிராத மருந்தைப் பந்தாவுக்காக இழுக்காதீர்கள்.

இதையெல்லாம் மனதுக்குள் படித்தால் பத்தாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கார் ஓட்டும்போது ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். யூனிட்டில் ஒரு சிநேகிதியைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நம் உச்சரிப்பு ஒரு குறையே இல்லை, அவசரம்தான் குறை. பயத்தில் வேகமாகப் பேசினால் அவர்களுக்குப் புரியாது. கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஆரம்பிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குணத்தைப் பார்க்கும் கேள்விகளில் நம்மவர்கள் தடுமாறுவது வேறு விதம். “டாக்டரோடு கருத்து வேறுபாடு வந்ததா?” என்றால், “இல்லவே இல்லை, எல்லோரோடும் நன்றாகத்தான் இருப்பேன்” என்கிறார்கள். அது அவர்களுக்கு நல்ல பதில் இல்லை. நோயாளிக்காக நீங்கள் மறுத்துப் பேசிய ஒரு சம்பவம் வேண்டும். என்ன பார்த்தீர்கள், எப்படிச் சொன்னீர்கள், முடிவு என்ன என்று. நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லச் சொன்னால், உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். யாரிடம் தெரிவித்தீர்கள், அதன்பின் எதை மாற்றினீர்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அப்புறம், எதைச் சொன்னாலும் “நாங்கள் செய்தோம்” என்றே பேசுவது நம் பழக்கம். அடக்கம் நல்லதுதான். ஆனால் குழு அறிய விரும்புவது நீங்கள் செய்ததை. “நான்” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கோட்டும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு, முந்தின நாளே ஊர் போய்ச் சேருங்கள். கடைசியில், “எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?” என்பார்கள். கிளினிக்கல் பயிற்சி எந்தெந்த மருத்துவமனைகளில், மாணவர்கள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும், நரம்பு பிளாக் (ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட வாய்ப்பு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கலாம். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதில் தூரம் பற்றிய கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சில காலேஜ்களில் மாதக்கணக்கில் வேறு ஊரில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டிவரும்.

முடிவு வந்த பிறகு

இடம் கிடைத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். அது பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது என்பதால், இன்னொரு காலேஜின் முடிவுக்குக் காத்திருந்தால் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் இன்னும் ஆர்வமாக இருப்பதாக ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள். வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதுகூட இடம் காலியாவதுண்டு.

கிடைக்கவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து, எதில் குறை இருந்தது என்று எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லும் காலேஜ்கள் இருக்கின்றன. மதிப்பெண் என்றால் இன்னொரு முதுநிலைப் பாடம் எடுங்கள், அனுபவம் என்றால் இன்னும் கடினமான நோயாளிகள் வரும் ஐசியூவுக்கு மாறுங்கள், பேச்சு என்றால் மறுபடி வாய்விட்டுப் பழகுங்கள். அடுத்த வருடம் அதே காலேஜுக்கே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் போன வருடத்துக்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.